கிணறுகளின் சாட்சியம்: குடகனாற்று மேல்வடிநிலத்தில் தோல் தொழிலும் நீர்மீட்பும்

முன்னுரை

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, இந்தியச் சூழலியல் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. சட்டக் கல்வியிலும் பொது எழுத்திலும் அது பெரும்பாலும் பாலாற்றின் வழக்காகவே பயிலப்பட்டு வருகிறது. வழக்கு தொடுத்த அமைப்பின் பெயரும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிற்பெருக்கமும் இதற்குக் காரணங்கள். ஆனால் தீர்ப்பு ஐந்து மாவட்டங்களைத் தழுவியது. அவற்றுள் ஒன்று அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம். அம்மாவட்டத்தைப் பற்றித் தீர்ப்பில் இடம்பெறும் செய்தி மிகச் சிறியது. 13 ஊர்களில் மேற்கொள்ளப்பட்ட ஒரு கிணற்றுக் கணக்கெடுப்பே அச்செய்தி.

அக்கணக்கெடுப்பைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு, குடகனாற்றின் மேல்வடிநிலத்தில் நீர் கெட்ட வரலாற்றையும் அதனை மீட்க நடந்த முயற்சிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நீர் கெட்டதை எண்ணிக்கையாக்கி நீதிமன்றத்தின் முன் வைத்தது ஊர் அளவில் நடந்த பணியாகும். ஆயினும் தீர்ப்புக்குப் பின் உருவான ஏற்பாட்டில் ஊர்மக்கள் இழப்பீடு பெறுவோராக மட்டுமே இடம்பெற்றனர்; ஆற்றைச் சீர்செய்வோராக இடம்பெறவில்லை. இந்நிலைக்கான காரணம் நீரைக் குறித்த சட்டப் பார்வையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வடக்கு நோக்கி ஓடும் ஆறு

திண்டுக்கல் சமவெளி இரண்டு ஆற்று வடிநிலங்களுக்கு இடைப்பட்டது. நிலக்கோட்டைப் பகுதியின் நீர் வைகையைச் சேர்கிறது. நகரத்தை ஒட்டிய சமவெளியின் நீரோ வடக்கே சாய்ந்து காவிரி வடிநிலத்தைச் சேர்கிறது. இவ்வடக்குச் சாய்வின் முதன்மையான ஆறு குடகனாறு. கீழ்ப்பழனி மலைச்சரிவுகளின் ஓடைகள் ஆத்தூர் அருகே காமராசர் நீர்த்தேக்கத்தில் தேங்கி, அங்கிருந்து சமவெளியில் இறங்கி, வேடசந்தூர்ப் பகுதியைக் கடந்து, அழகாபுரி அணையை அடைந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கின்றன. குடக்கு என்பது மேற்குத் திசைக்குரிய பழந்தமிழ்ச் சொல். மேற்கு மலையிலிருந்து வரும் ஆறு என்று பெயருக்குப் பொருள் கொள்வது நிலவமைப்போடு பொருந்துகிறது.

ஆண்டின் பெரும்பகுதி குடகனாற்றில் நீரோட்டம் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது சில வாரங்கள் ஓடும். பிற காலங்களில் மணலும் முட்செடியுமாகக் கிடக்கும். எனினும் இதனை வறண்ட ஆறு என்று மட்டும் கூறுவது பொருந்தாது. வடிநிலத்தின் அடிப்பாறை சார்னோக்கைட்டும் நைஸும் ஆகிய கடினப் பாறை. அதன்மேல் சிதைந்த பாறை அடுக்கு உள்ளது. ஆறு ஓடும் நாள்களில் நீர் இவ்வடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் இறங்கித் தங்குகிறது. அந்நீரையே திறந்த வெட்டுக் கிணறுகள் ஆண்டு முழுவதும் மேலே கொண்டுவருகின்றன. ஆகவே இச்சமவெளியில் ஆற்றின் நலத்தைக் காட்டுவது ஆற்றுப்படுகையன்று, கிணறு. ஆற்றில் இறங்கிய கழிவு முதலில் வெளிப்பட்ட இடமும் அதுவே.

இவ்வாற்றில் வெள்ளம் வாராது என்பதும் இல்லை. அழகாபுரியில் கட்டப்பட்ட மண்ணணை 1977இல் பெருவெள்ளம் கரைக்கு மேலாகப் பாய்ந்ததால் உடைந்தது. மின்தடையால் மதகுகளை முழுமையாக உயர்த்த முடியாமற் போனது அவ்வுடைப்பின் காரணங்களுள் ஒன்று. அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. சில வாரப் பெருக்கும் பல மாத வறட்சியும் கொண்ட இத்தகைய ஆற்றில் கழிவைக் கலந்து நீர்க்கச் செய்யும் அளவுக்கு நிலையான ஓட்டம் இல்லை என்பது, பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

தென்னிந்தியத் தோல் பதனிடுதல் நெடுங்காலம் தாவரப்பொருள்களை நம்பியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதன் முதன்மைப் பொருள்கள். இவ்வாறு அரைகுறையாகப் பதனிடப்பட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுச் சோதனையாக அறிமுகம் செய்தார். ஆயினும் சிறு பதனிடும் கூடங்களில் பட்டை முறையே நெடுங்காலம் நீடித்தது.

இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது ஏற்றுமதிக் கொள்கையாகும். சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு அளவுக் கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடிக்கப்பட்ட தோலும் தோற்பொருளும் ஏற்றுமதியானால் அயற்செலாவணி மிகும் என்பது அதன் நோக்கம். பொருளியல் நோக்கில் அக்கொள்கை வெற்றி பெற்றது. ஆனால் அதே கொள்கை குரோமியப் பதனிடலையும், பல கட்டக் கழுவலையும், கூடுதல் வேதிப்பொருளையும் நாட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் தேவைப்படும் என்றும், கழிவில் 176 வகை வேதிப்பொருள்கள் இருக்கக்கூடும் என்றும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதிவு செய்துள்ளது. நீரைக் காக்கும் சட்டம் வந்தது 1974இல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செயற்படத் தொடங்கியது 1982இல். தொழில் விரைந்து மாறிய ஆண்டுகளில் அதனைக் கண்காணிக்கத் தனி அமைப்பு எதுவும் இல்லாதிருந்த இந்த இடைவெளி கருதத்தக்கது.

திண்டுக்கல்லில் உள்ளூர் வழக்கில் 'தோல் ஷாப்' எனப்படும் பதனிடும் கூடங்கள் மதுரை, வத்தலக்குண்டு, பொன்மாந்துரைச் சாலைகளை ஒட்டி அமைந்தன. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மொண்டல், சக்சேனா, சிங் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, நகரிலும் சுற்றிலும் ஏறத்தாழ 80 கூடங்கள் இயங்கியதாகவும், அவற்றின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு 200 டன் தோல் எனவும் குறிப்பிடுகிறது. நகர்ப்புற ஏழைகளுக்கு இத்தொழில் நிலையான கூலியைத் தந்தது. நீர்மாசு பற்றிய எழுத்துகள் பல இக்கூலியாளரை அறவே மறந்துவிடுகின்றன. கெட்ட நீரை முதலில் தொட்ட கைகள் அவர்களுடையவை.

மாசு என்றவுடன் குரோமியமே பேசப்படுகிறது. குடகனாற்று வடிநிலத்தில் பரந்த கேடு விளைவித்ததோ சாதாரண உப்பு. கெடாதிருக்க உப்பிட்டுக் கொண்டுவரப்படும் தோல் முதலில் நீரில் ஊறவைக்கப்படுகிறது. அவ்வூறல்நீரில் உப்பு முழுவதும் கரைந்து வெளியேறுகிறது. குரோமியத்தை வேதிமுறையில் படியவைத்துப் பிரிக்கலாம். அது மண்ணிலும் ஓரளவு தங்கிவிடும். கரைந்த உப்பு தங்குவதில்லை. நீர் சென்ற இடமெல்லாம் அதுவும் செல்லும். 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உயிர்மக் கழிவையும் குரோமியத்தையும் குறைக்க வல்லவை. உப்பைப் பிரிக்கும் சவ்வூடு முறை அவற்றில் அன்று இல்லை. கரைந்த திண்மங்களின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்ற வாரியத்தின் வரம்பைத் தொழிலதிபர்கள் நீதிமன்றத்தில் கடுமையாக எதிர்த்ததன் பின்னணி இதுவே. நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் கருத்தைக் கேட்ட பின் நீதிமன்றம் அவ்வரம்பை ஏற்றது.

467 கிணறுகள்

வழக்கு 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பதிவானது. மனுதாரருக்காக எம். சி. மேத்தா வாதிட்டார். ஐந்து மாவட்டங்களிலும் 584 தோல் தொழிற்கூடங்கள் உள்ளன என்றும், அவற்றுள் 443 மட்டுமே வாரியத்தின் இசைவுக்கு விண்ணப்பித்தன என்றும் வாரியம் தன் உறுதிமொழி ஆவணத்தில் கூறியது. அரசுத் தரப்பின் எண்கள் இவ்வாறு தொழிற்கூடங்களை எண்ணுபவை. எத்தனை கூடங்கள், எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் என்பதே அக்கணக்கு.

திண்டுக்கல்லிலிருந்து சென்ற எண் வேறு வகையானது. 'பீஸ் மெம்பர்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 ஊர்களில் நடத்திய கணக்கெடுப்பில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. நான்கில் மூன்று கிணறுகள் என்பது பொருள். பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காகப் பல மைல் நடக்க நேர்ந்ததையும் அதே பத்தியில் நீதிமன்றம் குறித்தது. தீர்ப்பின் புழக்கத்திலுள்ள படிகளில் ஒன்றியத்தின் பெயர் 'பெத்தியார் சத்திரம்' என்று படிக்கும் வகையில் பிழையாக உள்ளது. அதனால் இவ்வட்டாரத்தை அறியாத சட்ட எழுத்தாளர் பலர் இல்லாத ஓர் ஊரையே மேற்கோள் காட்டி வருகின்றனர்.

கணக்கெடுப்பின் முறையியல் சிறப்பை ஈண்டுச் சுட்டுதல் தகும். ஓடையில் எடுக்கும் நீர் மாதிரி அன்றைய கழிவை மட்டுமே காட்டும். கழிவை நிறுத்திவைத்து ஒரு நாள் மாதிரியைத் தூய்மையாக்கிவிடவும் முடியும். கிணற்றை அவ்வாறு ஏமாற்ற இயலாது. ஆண்டுக்கணக்கில் இறங்கியது அதில் தேங்கி நிற்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் உரியவர் ஒருவர் உண்டு. அதன் நீர் எந்த ஆண்டுவரை இனித்தது, எந்த ஆண்டில் தென்னை ஓலை நுனி கருகியது, எப்போது மாடு முகம் திருப்பியது என்பதை அவரே சொல்லக்கூடும். சட்டத்தில் வாய்ச்சான்றும் இயற்பொருட்சான்றும் ஒன்றாக வாய்ப்பது அரிது. கிணறு இரண்டும் ஆயிற்று.

ஆற்றைச் சீர்செய்பவர் யார்?

நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அடங்கிய அமர்வு, ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் தொழிற்கூடமும் பத்தாயிரம் ரூபாய் மாசுத் தண்டம் செலுத்த ஆணையிட்டது. 1996 நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனி ஏற்பாடோ அமைத்து இசைவு பெறாத கூடங்கள் மூடப்பட வேண்டும் என்றது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் ஓர் ஆணையம் அமைக்கப் பணித்தது. அதன்படி 'சூழலியல் இழப்பு (தடுப்பு மற்றும் இழப்பீடு வழங்கல்) ஆணையம்' 1996 செப்டம்பர் 30 அன்று, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்டு உருவானது. மேற்கொண்டு கண்காணிக்கும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் பசுமை அமர்வுக்குச் சென்றது.

ஆணையத்துக்கு இரு பணிகள். முதலாவது, பாதிக்கப்பட்ட தனியாட்களையும் குடும்பங்களையும் கண்டறிந்து இழப்பீடு கணிப்பது. இரண்டாவது, கெட்ட சூழலை மீட்கும் திட்டம் வகுப்பது. முதற்பணிக்கான வடிவம் தீர்ப்பிலேயே தெளிவாக உள்ளது: யாரிடமிருந்து எவ்வளவு பெறுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற பட்டியல். இரண்டாம் பணியில் மீட்புத் திட்டம் நிபுணர் அமைப்புகளின் ஆலோசனையோடு வகுக்கப்பட வேண்டும். மாநில அரசு அதனை நிறைவேற்றும். ஒன்றிய அரசு மேற்பார்வையிடும். செலவுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதி. இந்த இரண்டாம் ஏற்பாட்டில் ஊர் எங்கும் இல்லை. கிணறுகளை எண்ணியவர்களுக்கும், அவற்றின் நீரைப் பருகியவர்களுக்கும் மீட்புப் பணியில் கருத்துரைக்கும் உரிமைகூடக் குறிக்கப்படவில்லை.

இதனை நீதிமன்றத்தின் கவனக்குறைவாகக் கொள்வது எளிது, சரியன்று. நிலத்தடி நீர் பற்றிய சட்டத்தின் அமைப்பே இம்முடிவை நோக்கிச் செலுத்தியது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நிலவுடைமையாளருக்கு உண்டு என்கிறது. ஆறு அரசினுடையது, கிணறு பட்டாதாரருடையது. நீரியல் நோக்கில் ஒன்றேயான குடகனாறு சட்டத்தின் முன் 467 தனி உடைமைகளாகவும் ஒரு புறம்போக்காகவும் பிரிந்து நின்றது. தனி உடைமைக்கு நேர்ந்த கேட்டுக்கு இழப்பீடு உண்டு. புறம்போக்கைப் பராமரிப்பது துறையின் வேலை. தீர்ப்பு குறிப்பிட்ட, பல மைல் நடந்த பெண்களுள் நிலமற்றோருக்கு இவ்விரு கட்டங்களிலும் இடமில்லை.

பழைய நடைமுறை இவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. குடிமராமத்து என்பது நீரைப் பகிர்வோரே வாய்க்காலையும் கரையையும் பேணும் முறை. அதில் பங்கும் பணியும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அது சாதிப் படிநிலையில் அமைந்த கட்டாய உழைப்பையும் உள்ளடக்கியது. ஆகையால் அதனைப் பொற்காலமாக வருணிப்பது வரலாறாகாது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கை அரசின் தண்டனை அதிகாரத்தோடு இணைத்தது. உழைப்பைப் பெற்றுக்கொண்டது, முடிவெடுக்கும் உரிமையை ஊருக்கு அளிக்கவில்லை. 2017இல் தமிழ்நாடு அரசு அப்பெயரை மீட்டெடுத்து, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கி, பத்து விழுக்காட்டைப் பாசனதாரர் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. தூர்வாரல், கரை வலுப்படுத்தல், மதகு பழுதுபார்த்தல் ஆகியவை அதன் பணிகள். நீரின் தன்மை அதன் வரம்புக்குள் வரவில்லை. உப்பு ஏறிய குளத்தை ஆழப்படுத்தினால் உப்புநீரே ஆழமாகத் தேங்கும்.

மீனும் கிணறும்

உலகின் பிற பகுதிகளில் ஊர் முன்னின்று ஆற்றை மீட்ட வரலாறுகளோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் மீன் அத்தகைய முயற்சிகளின் மையம். கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே திரும்பி முட்டையிடும் அம்மீன் வாராவிடில் ஆறு கெட்டது என்பது எவருக்கும் விளங்கும். வட கலிபோர்னியாவின் மட்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1980 முதல் உள்ளூர் மக்களே முட்டைகளைச் சேகரித்து ஓடைக்கரைப் பெட்டிகளில் பொரிக்கச் செய்து, பின்னர் கரைச்சரிவுகளையும் காட்டுப்பாதைகளையும் சீர்செய்யும் பணிக்கு நகர்ந்தனர். வாஷிங்டன் மாநிலத்தில் 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் அளித்த தீர்ப்பு, உடன்படிக்கை செய்துகொண்ட பழங்குடியினருக்கு மீனில் பாதிப் பங்கு உண்டு என்றது. அப்பங்குரிமை படிப்படியாக ஆற்றின் நிலை பற்றிய கடமையாக விரிந்தது. மீன் ஏறுவதைத் தடுக்கும் சாலையடிக் குழாய்களை மாநில அரசே மாற்ற வேண்டும் என்ற கீழ்நீதிமன்ற ஆணை, 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் சமவாக்குப் பிரிவால் நிலைபெற்றது.

தமிழகத்திலும் கடலிலிருந்து ஆறேறும் மீன் இருந்தது. காவிரியில் ஏறிய உள்ளம் மீனின் வழியை அணைகள் மறித்தன. 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்குப் பின் அதற்கு மேலே அதன் வரவு நின்றது. ஆண்டில் சில வாரமே ஓடும் குடகனாற்றில் அத்தகைய ஓர் உயிர் சான்றாக நிற்க இயலாது. அவ்விடத்தில் கிணறு நின்றது. வேறுபாடு யாதெனில், மீன் எவருடைய வேலிக்குள்ளும் அடங்காதது; அதன்மேல் உள்ள பங்கு முழு ஆற்றின்மேல் உள்ள பங்காக விரிய முடிந்தது. கிணறு வேலிக்குள் உள்ளது. அதன்மேல் உள்ள உரிமை வேலியோடு நின்றது.

இதே காலத்தில் நொய்யலில் நடந்த வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு எதிராக வழக்காடியது நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் சங்கம். ஆயக்கட்டு என்பது ஆற்றின் நீரில் பங்குடைமை, தனிக் கிணற்றுரிமையன்று. அங்குக் கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாமை என்ற நிபந்தனை வரை வழக்கு சென்று, 2011இல் சாய ஆலைகளின் மூடலில் முடிந்தது. பங்குடையோராக நீதிமன்றம் ஏறியதற்கும் பாதிக்கப்பட்டோராக ஏறியதற்கும் இடையே விளைவில் வேறுபாடு இருந்தது எனக் கருத இடமுண்டு. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவு எல்லோர் கண்ணிலும் பட்டதும் அதற்குத் துணைசெய்தது.

இராஜவாய்க்கால்

குடகனாற்றிலும் பங்குரிமைப் போராட்டம் உண்டு. ஆனால் அது மாசு பற்றியதன்று, அளவு பற்றியது. ஆத்தூர் நீர்த்தேக்கத்துக்குக் கீழே, நரசிங்கபுரம் பகுதியில் பிரியும் இராஜவாய்க்கால் மேற்பகுதிக் குளங்களுக்கு நீர் கொண்டுசெல்கிறது. வாய்க்கால் தலைப்பில் நீர் மிகுதியாகத் திருப்பப்படுவதால் ஆறு வறள்கிறது என்பது கீழ்ப்பகுதி உழவரின் முறையீடு. தம் குளங்களின் உரிமை தொன்மையானது என்பது மேற்பகுதியாரின் மறுமொழி. கடந்த பத்தாண்டின் பிற்பகுதியில் இது சாலை மறியலாகவும் உண்ணாநோன்பாகவும் வளர்ந்து, அரசு வல்லுநர் குழு அமைக்கும் நிலையை அடைந்தது. திண்டுக்கல் நகரமும் ஆத்தூர் நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் பெறுகிறது. அதாவது நகரம் ஆற்றின் தலையில் பருகி, இடையில் கழிவை இறக்கியது.

அளவு பற்றிய வழக்கும் தன்மை பற்றிய வழக்கும் ஒரே ஆற்றின் இரு முகங்கள். சிதைந்த பாறை அடுக்கில் ஏறிய உப்பு, மேலிருந்து நல்ல நீர் இறங்கினால்தான் நகரும். இதன் அளவைத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் மொண்டலும் சிங்கும் கணினி மாதிரி வழியே கணித்தனர். கழிவு மூலங்களைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலத்தடி நீரின் கரைந்த திண்மங்கள் பாதிக்குக் கீழ் குறையா என்பது அவர்களின் முடிவு. கூடங்களை மூடுவது மட்டுமே மீட்பாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் நிர்வாகத்தில் தன்மை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது, அளவு நீர்வளத் துறையினுடையது. ஆற்றில் விடப்படும் நீரின் அளவை உப்பைக் கழுவும் தேவையோடு இணைத்துக் கேட்கும் முறையீட்டுக்கு இவ்விரண்டில் எதுவும் உரிய இடமன்று.

வேலூர் மாவட்டத்தின் நாகநதியில் ஊரகப் பெண்கள் ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ்ச் செறிவூட்டுக் கிணறுகளை வெட்டி நிலத்தடி நீரை உயர்த்திய பணி, ஆற்றையும் கிணற்றையும் ஒன்றாகக் கண்ட அண்மைக்கால முயற்சி. அங்கும் அவர்கள் கூலியாளராகவே பதிவாயினர். பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 சனவரி 30 அன்று அளித்த ஆணை, நிலுவை இழப்பீட்டை அரசே செலுத்திப் பின்னர் மாசுபடுத்தியோரிடம் பெற வேண்டும் என்றும், மீட்பைக் குழு ஒன்றின் வழியே தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் கூறியது. 1996இல் எழுதப்பட்ட இரண்டாம் பணி முப்பது ஆண்டுகளை நெருங்கியும் முடியவில்லை என்பதன் நீதிமன்ற ஏற்பு அது.

திண்டுக்கல்லின் 13 ஊர்களுக்கு வருவோம். தீர்ப்பு அவ்வூர்களின் எண்ணிக்கையைத் தருகிறது, பெயர்களைத் தரவில்லை. 350 கிணறுகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு மீண்டும் சோதித்தால், மாதிரியின் 20 ஆண்டுக் கணிப்பை நேரடியாகச் சரிபார்க்கும் வாய்ப்பு கிட்டும். அதற்குக் காலம் குறுகி வருகிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின் வெட்டுக் கிணறுகள் பல தூர்ந்து குப்பை கொட்டும் குழிகளாயின. நகரை ஒட்டிய ஊர்களில் வீட்டுமனைகளுக்காக மூடப்பட்டவையும் உண்டு. நீர் எந்த ஆண்டில் கெட்டது என்று நினைவிலிருந்து சொல்லக்கூடிய தலைமுறையும் முதுமை அடைந்துவிட்டது.